பூங்காவுக்கும் பொதுநிலத்துக்கும் அரசு நிதி: விண்ணப்பத்தைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

அரசு நிதி கேட்டு எழுதப்படும் விண்ணப்பங்கள் பல திறப்பு விழாவோடு முடிந்துவிடுகின்றன. நிலம் வாங்குவோம், வேலி போடுவோம், மரம் நடுவோம், நடைபாதை அமைப்போம் என்று எல்லாம் இருக்கும். பத்தாவது ஆண்டில் அந்த நடைபாதையை யார் பெருக்குவார், உடைந்த ஊஞ்சலை யார் மாற்றுவார் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அனுபவமுள்ள அலுவலர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது. அமெரிக்காவின் தேசியப் பூங்காத் துறையில் மட்டும், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பராமரிப்பு வேலைகளின் மதிப்பு 2018இல் ஏறத்தாழ 1,190 கோடி டாலராகக் குவிந்திருந்தது. பூங்காக்களிலும் கூட்டரசின், அதாவது நாட்டின் மைய அரசின், பிற நிலங்களிலும் இந்தப் பாக்கியைக் குறைக்க 2020இல் தனிச் சட்டமே இயற்றி, ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 190 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டியதாயிற்று. கட்டுவதற்குப் பணம் கிடைத்துவிடும், காப்பதற்குத்தான் கிடைக்காது என்பது இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்த கசப்பு.

ஆகவே விண்ணப்பத்தின் கடைசிப் பக்கமாக இருக்கும் பராமரிப்புத் திட்டத்தை முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரட்டும்.

ஆண்டுச் செலவு

இரண்டு கணக்குகள் வேண்டும். முதலாவது அன்றாடச் செலவு: ஆட்கூலி, தண்ணீர், மின்சாரம், குப்பை அகற்றுதல், களையெடுப்பு, கருவிகள், காப்பீடு. ஆட்கூலியை மொத்தமாக ஒரு தொகையாகப் போடாதீர்கள். எந்த வேலைக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பிரித்து, அதை ஆண்டுக்குப் பெருக்குங்கள். கழிப்பறை கட்டுவதாக இருந்தால் அதன் சுத்தம் மட்டுமே மற்ற எல்லா வேலைகளையும்விட அதிக நேரம் கேட்கக்கூடும். பல குழுக்கள் இந்த இடத்தில்தான் கழிப்பறையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுகின்றன, அல்லது சிறிதாக்குகின்றன. அப்படி முடிவெடுக்க வேண்டிய நேரம் இதுதான், கட்டி முடித்துப் பூட்டு போட்ட பிறகு அல்ல.

இரண்டாவது, தேய்மான ஒதுக்கீடு. ஒரு மரப்பாலம் 20 ஆண்டு தாங்கும் என்றால் அதன் விலையில் இருபதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் எடுத்து வைக்க வேண்டும். விளையாட்டுக் கருவிகள், இருக்கைகள், பம்பு, வேலி என ஒவ்வொன்றுக்கும் இதே கணக்கு. இந்த ஒதுக்கீடு பெரும்பாலும் எழுதியவர்களையே திடுக்கிட வைக்கும். அப்படித் திடுக்கிட்டால் திட்டம் உங்கள் சக்தியை மீறியது என்று பொருள்; அளவைக் குறையுங்கள்.

இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானம் வேண்டும், அதில் ஆண்டுத் தொகை எண்ணிலேயே இருக்க வேண்டும். ‘பராமரிப்பை மன்றம் ஏற்கும்’ என்ற ஒற்றை வரித் தீர்மானத்துக்கு, விண்ணப்பங்களை ஒப்பிட அலுவலர்கள் போடும் மதிப்பெண் கிடைப்பது அரிது. முதலீட்டு நிதி ஒன்றை உருவாக்கி அதன் வருவாயில் பராமரிப்பதாக இருந்தால், கணக்கு எளிது: விலைவாசி உயர்வைக் கழித்த பிறகு ஆண்டுக்கு 4 சதவீதம் நிற்கும் என்று எடுத்துக்கொண்டால், ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு மூலதனம் வேண்டும். பூட்டான் 1990களின் தொடக்கத்திலேயே இயற்கைப் பாதுகாப்புக்கென்று இப்படி ஓர் அறக்கட்டளை நிதியை ஏற்படுத்தியது. சிறிய ஊர்களுக்கு 25 மடங்கு எட்டாத தொகை. அவர்களுக்குத் தீர்மானமே வழி.

பணம் எந்த ஊற்றிலிருந்து வருகிறது

நிதியின் மூலத்தைப் பார்க்காமல் எழுதும் விண்ணப்பம் குருட்டடி. எந்த வரியிலிருந்து, எந்த நோக்கத்துக்காக அந்தப் பணம் திரட்டப்பட்டதோ அந்த நோக்கத்தைத் தாண்டி அதைச் செலவழிக்கத் துறைக்கே அதிகாரம் இருக்காது.

அமெரிக்காவில் 1934 முதல் நீர்ப்பறவை வேட்டையாடுபவர்கள் வாங்க வேண்டிய வாத்து முத்திரையின் பணத்தில் 98 சதவீதம் ஈரநிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. அதில் போய் நடைபாதை கேட்க முடியாது. 1937இன் காட்டுயிர் மீட்புச் சட்டம் துப்பாக்கி, தோட்டா மீதான வரியை மாநிலங்களின் காட்டுயிர்த் துறைகளுக்குத் தருகிறது. செலவில் முக்கால் பங்கு வரை கூட்டரசு, மீதி மாநிலம். 1964இல் சட்டமாகி அடுத்த ஆண்டு செயலுக்கு வந்த நிலம், நீர் பாதுகாப்பு நிதிக்குப் பெரும்பகுதி கடலோர எண்ணெய், எரிவாயு குத்தகை வருவாயிலிருந்து வருகிறது. திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கு இடம் வாங்கவும் அமைக்கவும் மாநிலங்களுக்கும் ஊர்களுக்கும் செலவில் பாதி வரை அது தரும். இந்தியாவின் 2016 ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டப்படி, காட்டு நிலத்தை வேறு பயனுக்கு எடுத்துக்கொள்பவர்கள் கட்டும் தொகையில் 90 சதவீதம் மாநில நிதிக்கும் 10 சதவீதம் தேசிய நிதிக்கும் சேர்கிறது. இழந்த காட்டுக்கு ஈடாக வந்த பணம் அது. நகரத்து விளையாட்டுத் திடலுக்கு அதில் இடமில்லை. கோஸ்ட்டா ரிக்கா 1990களின் பிற்பகுதியிலிருந்து எரிபொருள் வரியின் ஒரு பகுதியைக் காட்டைக் காக்கும் நில உரிமையாளர்களுக்கு வழங்குகிறது. அங்கே விண்ணப்பதாரர் நிலத்துக்காரரே.

இவற்றிலிருந்து வேறுபட்டது ஆண்டு பட்ஜெட்டில் ஒதுக்கப்படும் தொகை. நோக்கத்தில் அது தாராளம், காலத்தில் கறார். நிதியாண்டு முடிவதற்குள் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும். நடவுப் பருவம் நிதியாண்டின் கடைசியில் விழுமானால், அந்தப் பணத்தில் மரம் நடுவதை விட்டுவிட்டு வேலி, நீர்த்தொட்டி, பாதை போன்ற எந்தப் பருவத்திலும் செய்யக்கூடிய வேலைகளைக் கேளுங்கள்.

நிலம்

விண்ணப்பம் தள்ளுபடியாவதற்கும், கிடைத்த பணம் பாதியில் நிற்பதற்கும் நிலத்தைப்போல் அடிக்கடி காரணமாவது வேறொன்றுமில்லை. பொதுநிலம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் இடம் காகிதத்தில் மூன்று துறைகளுக்குப் பிரிந்து கிடக்கும். பூங்கா ஒரு துறையுடையது, அதன் நடுவே ஓடும் ஓடை இன்னொன்றுடையது, ஓரத்துச் சாலை மூன்றாவது. ஓடைக்கரையில் ஒரு படிக்கட்டு கட்டினாலும் அந்த இரண்டாவது துறையின் எழுத்து வேண்டும்.

உரிமை ஆவணம், புதிய நில அளவை வரைபடம், வில்லங்கச் சான்று ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பரப்பளவு மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா? மின்கம்பி, குழாய், வடிகால் செல்லும் வழியுரிமை எங்கே? நிலத்தடிக் கனிமத்துக்கு வேறு யாருக்காவது உரிமை உண்டா? பிறகு காகிதத்தில் இல்லாததைப் பாருங்கள். அந்த நிலத்தில் மாடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர், மீன் பிடிப்பவர், குறுக்கே நடந்து போகிறவர் யார் யார் என்று வாரநாளிலும் விடுமுறையிலும், காலையிலும் மாலையிலும் போய்க் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களைக் கேட்காமல் போட்ட வேலி பிடுங்கப்படும். பிடுங்கியவர்கள் மீது தவறும் இருக்காது. அவர்களுடைய பயன்பாட்டுக்குத் திட்டத்திலேயே இடமும் நேரமும் ஒதுக்கினால், வேலியைக் காக்கப் போவதும் அவர்கள்தான்.

அடுத்தது எல்லைக்கோடு. அரசு நிதி வாங்கிய நிலம் என்றென்றைக்கும் கட்டுப்பட்டுவிடலாம். மேலே சொன்ன நிலம், நீர் பாதுகாப்பு நிதியில் ஒரு சிறு உதவி பெற்றாலும், திட்ட வரைபடத்தில் குறித்த எல்லைக்குள் உள்ள நிலம் முழுவதும் பொதுமக்களின் திறந்தவெளிப் பயனுக்கே இருக்க வேண்டும், காலவரம்பில்லை. பின்னாளில் அங்கே வேறொன்றைக் கட்ட வேண்டுமானால் கூட்டரசின் ஒப்புதல் வேண்டும். குறைந்தது அதே சந்தை மதிப்பும் ஏறத்தாழ அதே பயனும் உள்ள மாற்று நிலம் தர வேண்டும். இந்தக் கட்டுப்பாடு நல்லது, அதனால்தான் அந்தப் பூங்காக்கள் இன்னும் பூங்காக்களாக இருக்கின்றன. ஆனால் தெரிந்து கையெழுத்திட வேண்டும். பூங்காவின் மூலையில் நீர்த்தேக்கத் தொட்டியோ தீயணைப்பு நிலையமோ வரப்போவது ஏற்கெனவே தெரியுமென்றால், அந்த மூலையை எல்லைக்கு வெளியே விட்டு வரைய அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். பிறகு கேட்டால் பயனில்லை.

மதிப்பீடு

கட்டுமானச் செலவை மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவது வழக்கமான தவறு. அளவை, மண் பரிசோதனை, வடிவமைப்பு, அனுமதிக் கட்டணம், பழையதை இடித்து அகற்றுதல், மேற்பார்வை, தணிக்கை ஆகியவையும் செலவுதான். எதிர்பாராச் செலவுக்கு, முழு வரைபடம் கையில் இருந்தால் 10 சதவீதம் போதும். வெறும் தோராய வரைவுதான் இருக்கிறது என்றால் 15 முதல் 20 வரை போடுங்கள். விண்ணப்பித்த நாளுக்கும் வேலை தொடங்கும் நாளுக்கும் இடையே ஒன்றிரண்டு ஆண்டுகள் ஓடிவிடும் என்பதால், இன்றைய விலையை அல்ல, வேலையின் நடுப்பகுதியில் இருக்கக்கூடிய விலையைக் கணக்கில் கொள்ளுங்கள்.

அளவுகளில் தவறு நேரும் சில இடங்கள் எப்போதும் ஒன்றேதான். சக்கர நாற்காலிக்கான சாய்வுப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 60 சென்டிமீட்டர் என்றால், 1:12 சாய்வில் 7.2 மீட்டர் நீளம் வேண்டும், அதற்கு மேல் இரு முனைகளிலும் சமதளம் வேண்டும். கைப்பிடி தேவைப்படாத அளவுக்கு 1:20 சாய்வில் அமைத்தால் 12 மீட்டர். வரைபடத்தில் மூன்று மீட்டர் விட்டுவைத்தவர்கள் பிறகு முழு நுழைவாயிலையும் மாற்றி வரைய வேண்டிவரும். விளையாட்டுக் கருவிகளுக்கு அடியில் பரப்பும் மரச்சீவல் குறைந்தது கால்வாசி அமுங்கும். அமுங்கிய பிறகு 23 சென்டிமீட்டர் இருக்க வேண்டுமென்றால் 30 சென்டிமீட்டர் கொட்ட வேண்டும். 200 சதுர மீட்டருக்கு அது 60 கன மீட்டர். 46 கன மீட்டருக்குக் கணக்குப் போட்டால் குழந்தைகள் விழும் இடத்தில் தரை கெட்டியாகிவிடும்.

மரக்கன்று கணக்கில் நடுவது மிகச் சிறிய பகுதி. 2 மீட்டருக்கு ஒன்று என்ற இடைவெளியில் ஒரு ஹெக்டேருக்கு 2,500 கன்றுகள். 3 மீட்டர் என்றால் சுமார் 1,100. ஒரு கன்றுக்கு ஒரு முறைக்கு 10 லிட்டர் ஊற்றினால் 2,500 கன்றுக்கு 25,000 லிட்டர், அதாவது 5,000 லிட்டர் லாரி ஐந்து நடை. இதை வறண்ட மாதங்களின் வாரங்களால் பெருக்கி, மூன்று ஆண்டுகளுக்குப் போடுங்கள். ஐந்தில் ஒன்று பட்டுப்போகும் என்று வைத்து 500 மாற்றுக் கன்றுகளும் அவற்றை நடும் கூலியும் சேருங்கள். கன்றுகளை நாற்றங்காலில் முன்பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அந்தந்த மண்ணுக்குரிய இனங்கள் கேட்ட மாதத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்காது. கிடைத்ததை வாங்கி நட்டுவிட்டு, விண்ணப்பத்தில் சொன்ன இனப் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்று தணிக்கையில் நிற்கக்கூடாது.

எல்லா நிலத்திலும் மரம் நடக்கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இயற்கையான புல்வெளியிலும் சதுப்பு நிலத்திலும் மரம் நட்டால் அங்கே வாழும் உயிர்களுக்கு அது இடத்தைப் பறிப்பதாகும். ஈரநிலத்தை மீட்பதாக இருந்தால் முதல் செலவு வடிகாலை அடைப்பதற்கு, இரண்டாவது நீர்மட்டத்தை அளப்பதற்கு. நீர் திரும்பி வந்து நின்ற பிறகு செடிகள் பெரும்பாலும் தாமாகவே முளைக்கும்.

சொந்தப் பங்கும் கைப்பணமும்

முழுச் செலவையும் தரும் அரசு நிதிகள் குறைவு. சுற்றுச்சூழலுக்கு நிதி தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் லைஃப் திட்டம் பொதுவாக 60 சதவீதம் வரை தருகிறது. முன்னுரிமை பெற்ற வாழிடங்களுக்கும் உயிரினங்களுக்குமான இயற்கைப் பாதுகாப்புத் திட்டங்களில் 75 வரை போகலாம். மீதி உங்களுடையது. நன்கொடையாக வந்த நிலம், தன்னார்வலர் உழைப்பு, இலவசமாகக் கிடைத்த இயந்திர வாடகை ஆகியவற்றைப் பல நிதிகள் பங்காக ஏற்கும். ஆனால் பெயர், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், செய்த வேலை, கையெழுத்து எல்லாம் கொண்ட பதிவேடு இல்லாத உழைப்பு தணிக்கையில் பூச்சியம்தான். ஒரே தொகையை இரண்டு நிதிகளுக்குப் பங்காகக் காட்டக்கூடாது. ஒரே அரசின் இன்னொரு துறையிலிருந்து வந்த பணமும் பெரும்பாலும் சொந்தப் பங்காகக் கணக்கில் வராது. ஒப்பந்தத்துக்கு முன் செய்த செலவையும் ஏற்கமாட்டார்கள். நிலத்துக்காரர் அவசரப்படுத்துகிறார் என்று முன்பே வாங்க நேர்ந்தால், பணம் கொடுப்பதற்கு முன் துறையிடமிருந்து எழுத்துப்பூர்வ அனுமதி பெறுங்கள்.

பங்குத்தொகை கையில் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது அடுத்த கட்டத்தில். பல நிதிகள் செலவழித்த பிறகுதான் திருப்பித் தரும். மொத்தச் செலவு 100 பங்கு, அரசு 50 தரும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு காலாண்டுகளில் செலவு 10, 30, 40, 20. ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் செலவைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்பு அனுப்புகிறீர்கள், பாதித் தொகை அடுத்த காலாண்டின் இறுதிக்குள் வருகிறது, கடைசி 5 பங்கு இறுதித் தணிக்கை வரை நிறுத்திவைக்கப்படுகிறது. மூன்றாம் காலாண்டின் முடிவில் 80 செலவாகியிருக்கும், 20 வந்திருக்கும். உங்கள் கையிலிருந்து போனது 60. உங்கள் பங்கு 50தான் என்றாலும் 60 வேண்டும். இரண்டாவது கேட்பு ஒரு பில் விடுபட்டதால் திரும்பி வந்துவிட்டது என்றால், அதே நாளில் வந்திருப்பது வெறும் 5, வெளியே நிற்பது 75. ஒப்பந்ததாரர் வேலையை நிறுத்துவது இந்த இடத்தில்தான். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே இந்த அட்டவணையை உங்கள் எண்களோடு போட்டு, ஒரு கேட்பு தாமதமானால் என்ன ஆகும் என்றும் பார்த்து, இடைக்காலக் கடனுக்கோ முன்பணத்துக்கோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எழுதுவது

மதிப்பெண் அட்டவணை வெளியிடப்பட்டிருந்தால் அதன் தலைப்புகளையே உங்கள் தலைப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். இயற்கையின் அருமை பற்றிப் பத்தி பத்தியாக எழுத வேண்டியதில்லை. பரிசீலிப்பவர் அதை ஏற்றுக்கொண்டுதான் அந்த நாற்காலியில் இருக்கிறார். அவருக்கு வேண்டியது இந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது, என்ன மாறும், மாறியதை எப்படி அளப்பீர்கள் என்பது. அடிப்படை நிலையை விண்ணப்பத்துக்கு முன்பே அளந்து வையுங்கள். பறவைக் கணக்கெடுப்பு, நீர்மட்டம், பார்வையாளர் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், பின்னால் ஒப்பிடும்போது அதே பருவத்தில், அதே முறையில், அதே இடத்தில் எடுத்திருக்க வேண்டும். புகைப்படத்துக்கு நிலையான முனைகள் சிலவற்றைக் கல் நட்டுக் குறித்து, ஒரே திசையை நோக்கி எடுங்கள்.

ஆதரவுக் கடிதங்களில் ‘வரவேற்கிறோம்’ என்று இருபது பேர் எழுதுவதைவிட, பள்ளி ஒன்று ‘வாரம் ஒரு வகுப்பை அங்கே நடத்துவோம்’ என்று எழுதுவது மேல். உரையில் உள்ள எண்ணும் செலவு அட்டவணையில் உள்ள எண்ணும் வரைபடத்தில் உள்ள அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று, எழுதாத ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நடைபாதை ஓரிடத்தில் 800 மீட்டர், இன்னோரிடத்தில் 1 கிலோமீட்டர் என்றிருந்தால் மொத்த விண்ணப்பத்தின் நம்பகத்தன்மையும் அங்கேயே போய்விடும்.

அனுமதிகளும் நாட்காட்டியும்

நட வேண்டிய வாரத்தைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நிலம் தயார் செய்ய எத்தனை வாரம், ஒப்பந்தப்புள்ளிக்கு எத்தனை, சுற்றுச்சூழல், தொல்லியல் அனுமதிகளுக்கு எத்தனை என்று போனால், விண்ணப்பம் தர வேண்டிய நாள் நினைத்ததைவிட ஓராண்டு முன்னால் நிற்கும். அனுமதி கைக்கு வரும் முன் ஒரு மரத்தை வெட்டுவதோ ஒரு குழி தோண்டுவதோ நிதி முழுவதையும் இழக்கச் செய்யலாம். ‘பூர்வாங்க வேலை’ என்று ஒப்பந்ததாரர் தாமாக இயந்திரத்தை இறக்கிவிடுவதும் உண்டு, எழுத்தில் தடை சொல்லிவையுங்கள். பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் புதர் அகற்றத் தடை இருக்கும் என்பதால், அந்த மாதங்களை அட்டவணையில் முதலிலேயே அடித்துவிடுங்கள்.

பணம் ஒப்புதலான பிறகு

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை விரல் வைத்துப் படியுங்கள்: எந்தச் செலவு ஏற்கப்படாது, மாற்றம் செய்ய யாரிடம் எப்போது கேட்க வேண்டும், ஆவணங்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும். அமெரிக்கக் கூட்டரசு மானியங்களில் பொது விதி, இறுதி நிதி அறிக்கை தந்ததிலிருந்து மூன்று ஆண்டு. நில உரிமை ஆவணங்களும் எல்லை வரைபடமும் அதில் சேராது. கட்டுப்பாடு நிலைத்திருக்கும் வரை அவையும் இருக்க வேண்டும். அலுவலர் மாறும்போது இந்தக் கோப்பு தொலைவதால்தான், பூங்காவில் ஒரு துண்டை யாரோ தெரியாமல் விற்றுவிடுகிறார்கள். எல்லை வரைபடத்தின் நகலை நிலப்பதிவு அலுவலகத்திலேயே சேர்த்துவிடுவது நல்ல காப்பு.

கொள்முதலில் ஒரு பெரிய வேலையைச் சிறு சிறு பில்களாக உடைத்து டெண்டர் வரம்புக்குக் கீழே கொண்டுவராதீர்கள். நோக்கம் நல்லதாக இருந்தாலும் தணிக்கையாளர் அதை மீறலாகவே எழுதுவார். ஒவ்வொரு செலவுக்கும் கொட்டேஷன், ஆணை, பொருள் வந்ததற்கான ஒப்புகை, பில், பணம் சென்ற வங்கிப் பதிவு ஆகிய ஐந்தும் ஒரே உறையில் இருக்கட்டும். கேட்பு அனுப்பும் நாளில் தேடத் தொடங்கினால்தான் காலாண்டுகள் தவறுகின்றன.

கற்பாறை வந்துவிட்டது, பாதையை மூன்று மீட்டர் தள்ளிப் போட வேண்டும் என்பதுபோன்ற மாற்றங்கள் வரத்தான் செய்யும். முதலில் கடிதம், பிறகு பதில், அதன் பிறகுதான் வேலை. தொலைபேசியில் ‘சரி’ என்றவர் அடுத்த மாதம் வேறு பணியிடத்துக்குப் போயிருப்பார்.

மறுக்கப்பட்டால்

மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்குங்கள். பல நிதிகள் அதைத் தரும், சில இடங்களில் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் கேட்க வேண்டியிருக்கும். நிலத்திலும் பராமரிப்பிலும் குறைந்திருந்தால் அடுத்த சுற்றுக்குள் சரிசெய்து அதே திட்டத்தைத் திரும்பத் தரலாம். தேவை என்ற தலைப்பில் குறைந்திருந்தால் நிதி பொருந்தவில்லை என்று அர்த்தம், வேறு மூலத்தைத் தேட வேண்டும். எல்லாத் தலைப்பிலும் நல்ல மதிப்பெண் பெற்றும் பணம் தீர்ந்துபோனதால் கிடைக்கவில்லை என்றால், காத்திருப்புப் பட்டியல் உண்டா என்று கேளுங்கள். வேறு ஊர் ஒன்று தன் பங்கைத் திரட்ட முடியாமல் விலகும்போது அந்தப் பணம் நிதியாண்டின் கடைசியில் திடீரென்று வெளிவரும். அப்போது நில ஆவணமும் அனுமதிகளும் தயாராக வைத்திருப்பவருக்கே அது போகும்.